நெருப்பில் தண்ணீர் ஊற்றியவள்

துர்காதேவியைப் பற்றிக் கேட்டால் எங்கள் தெருவில் பாதிப்பேர் அவள் வாயிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் அவள் நிலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வாய் எல்லோருக்கும் இருக்கிறது.

எங்கள் ஊர் நகரியிலிருந்து நாகலாபுரம் போகும் வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது. துர்கா எனக்குப் பக்கத்து வீடு. ஊருக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மானாவாரிக் காடு அவள் மாமனார் விட்டுப்போனது. நிலப் பட்டா பாஸ்புக்கில் இரண்டு பிள்ளைகளின் பேரும் இருக்கிறது. மூத்தவர் தணிகைவேல், நகரி பஸ் நிலையத்துக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கிறார். இளையவன் சிரஞ்சீவி, துர்காவின் புருஷன், பவர்லூமில் ஷிப்டு வேலை. காட்டைப் பார்ப்பது துர்கா மட்டும்.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். மேலே ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே வெறும் கிராவல், சரளை. பெய்கிற மழையெல்லாம் சல்லடையில் ஊற்றினதுபோலக் கீழே இறங்கிவிடும். பத்து நாள் வானம் காய்ந்தால் கேழ்வரகு, எங்கள் பக்கத்துப் பேச்சில் கேவுரு, தலையைத் தொங்கப்போட்டுவிடும். கேவுரே தாங்காத மண் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

துர்கா விவசாயக் குடும்பமும் இல்லை. நகரியில் தறி வீட்டில் பிறந்தவள். தறி வீட்டில் பிறந்தவர்கள் மெதுவாகப் பேசக் கற்றுக்கொள்வதில்லை. நாலு பவர்லூம் ஓடும் அறையில் 'சோறு போடு' என்று கேட்பதற்கே கத்தவேண்டும். கல்யாணம் ஆகி வந்த புதிதில் அவள் புருஷனோடு கொஞ்சியதுகூடத் தெரு முழுக்கக் கேட்டது. 'தறிக்காரிக்குக் களை எது பயிரு எதுன்னு தெரியுமா?' என்று சிரித்தார்கள். முதல் வருஷம் தெரியவில்லைதான். களை என்று நினைத்துப் பயிரைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டாள். அடுத்த வருஷத்திலிருந்து அவள் வரப்பில் நின்று மற்றவர்கள் காட்டுக் களையை எண்ண ஆரம்பித்தாள். சிரித்தவர்கள் வாயை மூடினார்கள்.

விவசாயிகளுக்கு யோசனை சொல்ல அரசாங்கம் ஊரில் வைத்திருக்கும் ரைத்து சேவா கேந்திரத்துக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். பேர் ஸுப்ரஜா. திருப்பதியில் கோயில் கைங்கரியக்காரர்கள் வீட்டுப் பெண், ஸ்கூட்டியில் வருவாள். நாங்கள் மேடம் என்போம், அவள் எங்களை அக்கா என்பாள். மழை குறைந்துகொண்டே வருகிறது, இந்த மண்ணில் தண்ணீர் நிற்க ஏதாவது செய்யவேண்டும் என்று அவள்தான் கரி விஷயத்தைச் சொன்னாள்.

"வேலிக்காத்தான் முள்ளு, அதான் சீமைக்கருவேலம், எங்க பாத்தாலும் மண்டிக் கெடக்கே அக்கா, அத வெட்டிக் காயவெச்சு, குழியில போட்டு எரிக்கணும். சாம்பல் ஆக விடப்படாது. கரியா இருக்கறச்சேயே அணைச்சுடணும். அந்தக் கரிய நொறுக்கிச் சாணித் தண்ணில ஊறப்போட்டு மண்ணுல கலந்தா, ஒவ்வொரு துண்டும் பஞ்சு மாதிரி தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும். வேர் வேணுங்கறப்போ குடிச்சுக்கும்."

"இன்னா மேடம், அடுப்புக் கரிய நெலத்துல கொட்டச் சொல்றீங்க?" என்றாள் துர்கா.

"ஆமா. ஆனா ஒண்ணு. நெருப்பு நன்னா கனியறச்சே மேல தண்ணி விட்டு அணைக்கணும். அதுதான் முக்கியம்."

அங்கேதான் வந்தது வினை. துர்காவின் மாமியார் பச்சையம்மாள் அதுவரை வெற்றிலை மென்றுகொண்டு சும்மா இருந்தாள். சடாரென்று துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு, நெருப்புல தண்ணி ஊத்தறது எப்போன்னு தெரியுமா ஒனக்கு? சுடுகாட்டுல. மறுநாளு பால் தெளிக்கப் போவாங்க பாரு, அப்போ. அத்தோட சரி. வாழற வூட்டுல எவளும் நெருப்புல தண்ணி ஊத்த மாட்டா."

அவள் சொன்னது பொய் இல்லை. எங்கள் வீடுகளில் விறகடுப்பை அணைப்பது என்றால் கட்டையை வெளியே இழுத்து, சாம்பலில் புதைத்து வைப்பதுதான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலே பதறிப்போய் மஞ்சள் குங்குமம் வைப்போம். எல்லோர் வீட்டிலும் இப்போது கேஸ் அடுப்புதான். ஆனாலும் வெந்நீர் காய்ச்சும் விறகடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், ஒருத்தியும் கை நீட்டமாட்டாள்.

அந்த வருஷம் துர்கா மாமியார் பேச்சைக் கேட்டாள். குழி வெட்டி, முள்ளை எரித்து, தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டு வந்தாள். காலையில் போய்ப் பார்த்தால் குழி நிறைய வெள்ளைச் சாம்பல். கரி என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லை. ஸுப்ரஜா வந்து எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அக்கா, இது கரி இல்லே, விபூதி. நாங்க நாமக்காரா, எனக்குப் பிரயோஜனமில்லே. நீங்க இட்டுக்கோங்கோ."

"நக்கலு பண்ணாதீங்க மேடம். இத இன்னா பண்றது?"

"தென்னை மரத்தடியில கொஞ்சம் கொஞ்சமா போடுங்கோ. நிலத்துல கொட்ட வேண்டாம்."

கொட்ட வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் இடுப்பொடிய முள் வெட்டினவளுக்கு அதை வீணாக்க மனசு வருமா? கூடை கூடையாக நிலத்தின் மேல்கோடியில் கொட்டிவிட்டாள். காற்று பாதியைக் கொண்டுபோனது. மீதி விழுந்த இடம் பொருக்குத் தட்டி, விதைத்தது முளைக்கவே இல்லை. மற்ற இடத்தில் முளைத்ததையும் புரட்டாசி வெயில் பார்த்துக்கொண்டது. அந்த வருஷம் கேவுரை அறுக்கவில்லை, மாட்டை ஓட்டி மேயவிட்டார்கள்.

இது நடந்த கொஞ்ச நாளில் தணிகைவேல் துர்கா வீட்டுக்கு வந்தார். நானும் அப்போது அங்கே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தடாப் பக்கம் கம்பெனிகள் கட்டுகிறார்கள், பள்ளத்தை நிரப்ப கிராவல் கேட்கிறார்கள், ஒரு கான்ட்ராக்டர் நம் நிலத்தைத் தோண்டக் கேட்கிறான் என்றார்.

"தோண்டினா அப்புறம் நெலம் எங்க கீது மாமா?" என்றாள் துர்கா.

"இப்ப மட்டும் இன்னா கீது? அந்த மண்ண வெச்சிக்கினு இன்னா பண்றது, துன்னவா முடியும்? நானும் அந்தக் காட்டுல வேர்வ சிந்தினவன்தாம்மா. எங்க நைனா அதுல பாடுபட்டுக் கூன் விழுந்து செத்தாரு. அதான் நான் டீ ஆத்தப் போயிட்டேன்."

தணிகைவேல் கெட்டவர் இல்லை. அந்த நிலத்தின் மேல் அவருக்குக் கோபம், அவ்வளவுதான். ஆனால் கோபத்துக்கு ஜேசிபி கூப்பிட்டால் யார் தாங்குவது? அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரும் ஒரே பாஸ்புக்கில் இருப்பதால் சிரஞ்சீவி கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. சிரஞ்சீவியோ அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவன். தறிச் சத்தத்தில் காது வேறு மந்தம். அண்ணன் பக்கமும் பெண்டாட்டி பக்கமும் மாறி மாறித் தலையாட்டினான்.

துர்கா முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னும் ஒரு வெள்ளாம. ஒண்ணே ஒண்ணு. மழ பெஞ்சாலும் சரி, பெய்யாட்டியும் சரி. வர்ற கேவுரு காஞ்சி போச்சின்னா, அவர நானே கையப் புடிச்சிக் கூட்டிக்கினு வந்து கையெழுத்துப் போட வைக்கிறேன். கதிரு புடிச்சி அறுக்கறாப்ல நின்னுச்சின்னா, நீங்க மண்ணுப் பேச்ச எடுக்கக் கூடாது."

"மழ பெய்யாட்டியும்மா?" தணிகைவேல் சிரித்தார். "சரி. ஒன் ஆசைய ஏன் கெடுக்கணும்."

அவர் போனதும் பச்சையம்மாள் மருமகளைப் பார்த்தாள். "எத வெச்சிடி சவால் வுடற?"

"தண்ணி ஊத்தப் போறேன், அத்தே," என்றாள் துர்கா. சொன்னது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

சித்திரையில் முள் வெட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, வேலிக்காத்தான் முள் குத்தினால் சீழ் வைக்கும். கையெல்லாம் துணி சுற்றிக்கொண்டு வெட்டினாள். இந்தத் தடவை ஸுப்ரஜா பக்கத்திலேயே நின்றாள். அடியகலம் குறைந்து மேலே விரிந்த குழி. மேலே நெருப்பு வைத்து, எரிய எரிய அடுக்கடுக்காகக் கட்டை போடவேண்டும். மேல் அடுக்கு வெளுக்க ஆரம்பித்தால் அடுத்த அடுக்கு. அப்படிப் போட்டால் கீழே இருப்பது காற்றில்லாமல் கரியாகவே கிடக்கும். கடைசியில் தண்ணீர்.

குழியைச் சுற்றி ஊர் கூடிவிட்டது. வேலை வெட்டி இல்லாதவர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். வேலை இருந்தவர்கள் அதைப் போட்டுவிட்டு வந்தார்கள். துர்கா குடங்களை வரிசையாக நிரப்பி வைத்திருந்தாள்.

"துர்கா, வேணாம்மா. தாலி கட்டினவன் தறியில நிக்கிறான். யோசன பண்ணிக்க," என்றான் ஒருத்தன்.

"அவரு தறியிலதான நிக்கறாரு, குழியிலயா நிக்கறாரு? தள்ளு."

குடத்தை இடுப்பில் தூக்கினாள். அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு பச்சையம்மாள் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றே நாங்கள் நினைத்தோம். அவள் மருமகள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து, குழி ஓரத்தில் எரிந்த ஒரு கட்டையைச் சூட்டோடு இழுத்தாள். பொறி பறக்க அதைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். வெந்நீர் அடுப்பில் அதைச் செருகி, நெருப்பு அணையாமல் ஊதிவிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாளாம்.

இங்கே துர்கா ஊற்றினாள். புஸ்ஸென்று எழுந்த ஆவியில் அவள் முகமே தெரியவில்லை. ஊர் இரண்டடி பின்னால் போனது. ஒரு குடம், இன்னொரு குடம், இருந்த குடமெல்லாம். ஆவி அடங்கினதும் ஸுப்ரஜா குச்சியால் கிளறிக் காட்டினாள். கன்னங்கரேலென்று, தட்டினால் கணீரென்று சத்தம் வரும் கரி.

அதை நொறுக்கி, சாணியும் மாட்டு மூத்திரமும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, உழவு ஓட்டும்போது கலந்தாள். காகிதத்தில் பிரிக்காவிட்டாலும், வாய்ப்பேச்சில் சிரஞ்சீவி பங்கு என்றிருந்த நிலத்தில் பாதிக்குத்தான் கரி போதுமானதாக இருந்தது. இன்னொரு குழி போடலாம் என்றால் உடம்பு ஒத்துழைக்கவில்லை, முள் குத்தின கை வீங்கிவிட்டது. பக்கத்தில் தணிகைவேல் பங்கிலும் துர்காவே ஆள் விட்டுக் கேவுரு விதைத்தாள், கரி இல்லாமல்.

ஆனிக் கடைசியில் ஒரு மழை. நன்றாக முளைத்தது. ஆடியில் ஒரு தூறல். அதற்குப் பிறகு வானம் கதவைச் சாத்திக்கொண்டது.

ஆவணி பிறந்ததும் ஊரில் பேச்சு கிளம்பிற்று. முதலில் குழாயடியில், அப்புறம் கோயில் வாசலில். நெருப்பில் தண்ணீர் ஊற்றினாள், வானம் தண்ணீரை நிறுத்திவிட்டது. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். பொருத்தமாக இருந்துவிட்டால் போதும், நம் ஆட்களுக்கு நிஜமா என்று பார்க்கிற வேலை மிச்சம்.

கங்கம்மா ஜாத்திரைக்கு வீட்டுக்கு ஒரு படி கேவுரு மாவு வாங்குவார்கள். அந்த மாவெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத்தான் அம்மனுக்குக் கூழ் காய்ச்சுவது. மாவு வாங்க வந்தவர்கள் என் வீட்டில் வாங்கினார்கள், எதிர்வீட்டில் வாங்கினார்கள், துர்கா வாசலைத் தாண்டிப் போனார்கள். துர்கா மாவுப் படியோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

பச்சையம்மாள்தான் முதலில் இறங்கினாள். "டேய், நில்லுங்கடா. என் வூட்டு மாவு இன்னா, புழுத்துப் போச்சா?"

"அதில்ல ஆயா. ஒன் மருமவ பண்ண காரியம் தெரியுமில்ல? பெரியவங்க வேணான்னுட்டாங்க."

"என் மருமவள நான் திட்டுவேன், வெளக்குமாத்தால அடிக்கக்கூட அடிப்பேன். நீ யார்றா வாசலத் தாண்டறதுக்கு? ஒங்கம்மா ஒன் தம்பியப் பெத்து வுட்டுட்டு ஜுரத்துல கெடந்தப்ப, மூணு மாசம் எந்த வூட்டுக் கூழுடா நீ குடிச்ச?"

அவன் தலையைச் சொறிந்தான். ஆனாலும் வாங்கவில்லை. துர்கா கத்தாதது எங்களுக்குத்தான் பயமாக இருந்தது. மாவுப் படியைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே கோயிலுக்கு நடந்தாள். நான் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன்.

கூழ் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாப்பா, என்னாலதான் மழ பெய்யலயாமே?" அவள் குரலுக்கு உடுக்கையே நின்றது. "தடாவுலயும் பெய்யல. சத்தியவேட்டுலயும் பெய்யல. அங்கயெல்லாம் நானா போயி ஊத்தினேன்?"

ஒரு பெரியவர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"சரி, என்னாலதான்னு வெச்சிக்கலாம். அப்போ அடுத்த வருஷம் பெஞ்சா அதுவும் என்னாலதான? அன்னிக்கி எல்லாரும் சேந்து எனக்குப் பட்டுப் பொடவ எடுத்துக் குடுப்பீங்களா? இப்பவே சொல்லுங்க, கலரு பாத்து வைக்கிறேன்."

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம். துர்கா அண்டாவுக்குப் போய்ப் படியைக் கவிழ்த்தாள். மாவு அப்படியே கூழில் விழுந்து கட்டி கட்டியாக நின்றது. கூழ் கிண்டினவன் பதறிப்போய்த் துடுப்பை வேகமாகத் துழாவினான். இனி அதைத் தனியாகப் பிரிக்க அம்மனாலும் முடியாது. அன்றைக்கு எல்லோரும் அந்தக் கூழைத்தான் குடித்தார்கள். கட்டி இருந்தது, உண்மைதான்.

வாயால் ஊரை அடக்கலாம், வெயிலை அடக்க முடியாது. கேவுரு கதிர் தள்ளுகிற சமயம். அப்போது ஈரம் இல்லாவிட்டால் கதிர் வந்தும் மணி பிடிக்காது. தணிகைவேல் பங்கில் மத்தியானத்துக்குள் இலை கயிறாகச் சுருண்டுவிட்டது. துர்கா பங்கில் கரி இல்லாத பாதியும் அப்படித்தான். கரி போட்ட பாதி மட்டும் சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தது. கையால் மண்ணைத் தோண்டினால் கரித் துண்டை ஒட்டிச் சன்ன வேர்கள் சுற்றியிருந்தன. ஆனாலும் கரி மட்டும் போதாது என்று பார்த்தாலே தெரிந்தது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் பாய்ச்சுகிற அளவுக்கு இல்லை. வாளியில் அள்ளுகிற அளவுக்கு இருந்தது.

ஸுப்ரஜா பையிலிருந்து ஒரு வெள்ளைப் பொடியை எடுத்தாள். படை, தேமலுக்குப் பூசுகிற களிம்பில் சேர்ப்பார்களே, அந்த சாலிசிலிக் ஆசிட்.

"இது ஒரமா, மருந்தா?" என்றாள் துர்கா.

"ரெண்டும் இல்லே அக்கா. ஹார்மோன். செடி தன்னோட ஒடம்புலயே இத கொஞ்சம் பண்ணிக்கும். வெயில் தாங்காதப்போ நாம மேல கொஞ்சம் தெளிச்சா, இலையில இருக்கற சின்னச் சின்ன வாயெல்லாம் மூடிக்கும். உள்ள இருக்கற தண்ணி ஆவியாப் போறது கொறையும்."

"வாய மூடற மருந்தா? கொஞ்சம் ஜாஸ்தியா கலங்க மேடம், அப்படியே தெருவுக்கும் ஒரு சுத்து அடிச்சிட்டு வந்துர்றேன்."

"ஜாஸ்தி கலந்தா இலை கருகிடும். வெளையாடாதேங்கோ. இது தண்ணியில நேரா கரையாது. மொதல்ல கொஞ்சம் ஸ்பிரிட்டுல கரைச்சு, அப்புறம் தண்ணியில விடணும்."

ஸ்பிரிட் வாசனை வரப்பு தாண்டிப் போனது. எதிர்க்காட்டுக்காரன் கத்தினான். "இன்னாக்கா, கேவுருக்குச் சரக்கு ஊத்தற? எனக்கு ஒரு கட்டிங் குடேன்!"

"வா, ஒன் மூஞ்சிலயும் அடிக்கிறேன். ஒரு வாரத்துக்குத் தண்ணி கேக்க மாட்ட!"

வெயில் ஏறுவதற்குள் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு அவளே அடித்தாள். கரி போட்ட பாதி, போடாத பாதி, இரண்டுக்கும். கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தடவை. கரி இல்லாத பாதி சில நாள் நிமிர்ந்து நின்றது, அப்புறம் படுத்துவிட்டது. மருந்து வாயைத்தான் மூடும், வயிற்றை யார் நிரப்புவது? மண்ணில் ஈரம் இல்லையே. கரி இருந்த பாதி நின்றது. கதிர் விரல் விரித்து, மணி பிடித்து, பழுப்பேறி நின்றது.

அதிசயம் என்று நான் எழுதமாட்டேன். மழை பெய்கிற வருஷத்துக் கதிரைவிடச் சின்னதுதான். தட்டை முழங்காலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அந்த வருஷம் அரிவாள் எடுத்துக்கொண்டு மானாவாரிக் காட்டுக்குப் போனவள் அவள் ஒருத்தி.

அறுக்க இருந்த அன்று காலையில் தணிகைவேல் வந்தார். கூடவே கான்ட்ராக்டரின் ஆள், கையில் டேப்பு. சிரஞ்சீவி லீவு போட்டுவிட்டு அறுக்க வந்திருந்தான்.

தணிகைவேல் வரப்பில் நின்று பார்த்தார். "இது ஒரு வெள்ளாமையாம்மா? பாதி நெலம் பொட்டையா கெடக்குது. இந்தக் கதிரப் பாரு, கோழி கொத்தினா தீந்துரும். இதுக்கா இவ்ளோ ரகள?"

"எவ்ளோன்னு பேசலயே மாமா. நிக்குமா நிக்காதான்னுதான் பேசினோம். நிக்குதா இல்லியா?"

"நின்னா வயிறு ரொம்புமா?"

"ரொம்பறது என் கவல. நின்னுச்சா இல்லியா? வாயத் தொறந்து சொல்லுங்க."

"நின்னுச்சி," என்றார் தணிகைவேல், வேண்டா வெறுப்பாக. "ஆனா அத வெச்சிக் குடும்பம் நடத்த முடியாது. சிரஞ்சீவி, நீயாவது சொல்றா. கான்ட்ராக்டர் ஆளு வந்து நிக்கிறாரு. கையெழுத்து எப்போ போடற?"

துர்கா புருஷனைப் பார்த்தாள். "போடறதுன்னா போடு. பேனா கூட நான் குடுக்கறேன். நான் இந்த வரப்ப வுட்டு எந்திரிக்க மாட்டேன். அப்புறம் ஜேசிபிகாரன் என்னையும் சேத்து லாரியில ஏத்திக்கினு போவட்டும், தடாவுல எதாவது கம்பெனிக்கு அடியில கெடக்கறேன்." அப்படியே வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சிரஞ்சீவி நிலத்தில் இறங்கினான். ஒரு கதிரைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதினான். மணியை வாயில் போட்டு மென்றான். இத்தனை வருஷத்தில் அண்ணன் பேச்சுக்கு எதிராக அவன் இருமிக்கூட நான் பார்த்ததில்லை.

"அண்ணா, பாகம் பிரிச்சிக்கலாம்," என்றான்.

"இன்னா சொன்ன?"

"பாகம் பிரிச்சிக்கலாம்!" இந்தத் தடவை தறி அறையில் கத்துவதுபோலக் கத்தினான். "உன் பாகத்த நீ இன்னா வேணா பண்ணிக்கோ. இவ நிக்கற பாகத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

துர்கா வரப்பிலிருந்து எழுந்தாள். அரிவாளை அவன் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் குனிந்து அறுக்க ஆரம்பித்தார்கள். தணிகைவேல் கான்ட்ராக்டரின் ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்.

பாகம் பிரித்தார்கள். எம்.ஆர்.ஓ. ஆபீசுக்கு, அதாவது தாசில்தார் ஆபீசுக்கு, அலைந்ததை எழுதினால் அது தனிக் கதை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நடுவில் கல் நட்டதைப் பார்த்துப் பச்சையம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, கல் கோணலாக இருக்கிறது, நேராக நடு என்று இரண்டு பிள்ளைகளையும் திட்டினாள்.

தை பிறந்ததும் தணிகைவேல் பங்கில் ஜேசிபி இறங்கியது. அவர்களுக்கு வேண்டியது கீழே இருக்கிற கிராவல். மேலே இருக்கிற செம்மண் இடைஞ்சல். அதை வழித்து லாரி வரும் வழியோரத்தில் குவித்தார்கள். முதல் குவியல் விழுந்ததுமே துர்கா கூடையோடு போய் நின்றாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னா பண்ற?" என்றான் கான்ட்ராக்டரின் ஆள்.

"மண்ணு அள்றேன்."

"ஏ, இது எங்களுது. சும்மாவா அள்ளிக்கினு போவ?"

"நீ இத எங்க கொட்டறதுன்னு தெரியாமதான முழிச்சிக்கினு கீற? நான் அள்ளிக்கினா ஒனக்கு டீசலு மிச்சம். வேணான்னா சொல்லு, இங்கியே வுட்டுர்றேன். லாரி எப்படி வருதுன்னு பாக்கறேன்."

அவன் வழியை மறித்து நின்ற குவியலைப் பார்த்தான், பின்னால் ஹாரன் அடித்த லாரியைப் பார்த்தான். "அள்ளுமா, அள்ளித் தொல," என்றான்.

கரி போடாமல் காய்ந்துபோன பாதியில் அந்த மண்ணைக் கொட்டினோம். மண் ஒரு முழம் இருந்த இடத்தில் இன்னொரு சாண் ஏறியது. தணிகைவேல் டீக்கடையை விட்டுவிட்டு மத்தியானம் வந்தார்.

"ஏம்மா, என் மண்ண ஏன் எடுத்துக்கினு போற?"

"நீங்கதான மாமா கேட்டீங்க, துன்னவா முடியும்னு. நான் துன்னு காட்டறேன்."

அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்று, அவர் நைனா உழுத இடத்தில் லாரி நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் ஜேசிபி தோண்டிக்கொண்டே எல்லைக் கல்லை நெருங்கிவிட்டது. இவ்வளவு கிட்டத்தில் பள்ளம் விழுந்தால் அடுத்த மழைக்குத் துர்காவின் வரப்பு சரியும், மண்ணும் கரியும் எல்லாம் பள்ளத்துக்குப் போகும்.

துர்கா கூடையைப் போட்டாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு எல்லைக் கல்லைத் தாண்டினாள். தணிகைவேல் பங்குக்குள் நன்றாகத் தள்ளிப்போய்க் கடப்பாரையை ஓங்கிக் குத்தி நட்டாள். நேரே ஜேசிபியின் பக்கெட்டுக்கு முன்னால்.

"இதுக்கு இந்தாண்ட வரக்கூடாது," என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். ஜேசிபி சத்தத்தை அவள் குரல் சுலபமாகத் தாண்டியது. தறி வீட்டுக் குரல் அல்லவா.

"அது என் நெலம்மா," என்றார் தணிகைவேல்.

"நெலம் உங்களுது. சரியப்போற மண்ணு என்னுது. வந்துச்சின்னா நான் பள்ளத்துல எறங்கி ஒக்காந்துக்குவேன். மாமியாரையும் கூட்டிக்கினு வந்து ஒக்கார வைப்பேன். பாத்துக்கோங்க."

டிரைவர் தணிகைவேலைப் பார்த்தான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் முகத்தை மறைத்துக்கொண்டே நின்றார். பிறகு கையை ஆட்டினார்.

பக்கெட் மேலே எழுந்தது. வண்டி உறுமிக்கொண்டு ஒரு முழம் பின்னால் போய் நின்றது.

துர்கா கடப்பாரையைப் பிடித்தபடியே நின்றாள்.

"இன்னும்," என்றாள்.